விளக்கு தெற்கே, கடல் வடக்கே

நான் வக்கீலும் இல்லை, கட்சிக்காரனும் இல்லை என்பதிலேயே வாசலில் நின்ற பாதுகாப்புப் படைக்காரருக்கு ஒரு சந்தேகம். கலங்கரை விளக்கம் பார்க்க வந்தேன் என்றதும் அது இரட்டிப்பானது. "லைட் ஹவுஸ் மெரினாவில்" என்று இந்தியில் சொல்லித் தெற்கே கையைக் காட்டினார். கூட வந்த வழக்கறிஞர் நண்பர் நுழைவுச் சீட்டை நீட்டி, பேசிச் சமாளித்து உள்ளே அழைத்துப் போனார். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் ஒன்றுக்கு இரண்டு பழைய கலங்கரை விளக்கங்கள் இருக்கின்றன. பாரிமுனையில் தினம் பஸ் மாறுகிறவர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

இரண்டில் மூத்தது ஒரு கருங்கல் தூண். அகன்ற மேடை, அதன்மேல் போகப்போகச் சிறுத்துப்போகும் ஒற்றைத் தண்டு, உச்சியில் தட்டையான தலை. கிரேக்கர்களின் டோரிக் பாணி. சுமார் 125 அடி. கல் பல்லாவரத்திலிருந்து வந்தது. மேடையோரம் பைக்குகள் நிறுத்தியிருக்கிறார்கள். நான் போனபோது குமாஸ்தா ஒருவர் கட்டு அவிழ்த்த கேஸ் கட்டைத் தூணின் நிழலில் உட்கார்ந்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். கிட்டே போய்க் கையை வைத்துப் பார்த்தேன். உப்புக் காற்றில் ஏறக்குறைய 180 வருஷம் நின்ற கல், மூட்டுகளில் நகக்கண் நுழைய இடமில்லை. கட்டியவர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஜே.டி. ஸ்மித். சுண்ணாம்புக் காரையைப் பற்றி விக்கா என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய நூலை 1837-ல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர். பின்னாளில் சென்னை நாணயசாலைக்கும் அவரே அதிகாரியானார். காரை தெரிந்த ஆள் கட்டினால் கட்டடம் எப்படி நிற்கும் என்பதற்கு இந்தத் தூணைவிட வேறு சாட்சி வேண்டாம். 1844 ஜனவரி 1-ஆம் தேதி இதில் விளக்கேற்றினார்கள்.

தூணைச் சுற்றி வந்து கிழக்கே பார்த்தால் கடல் தெரிய வேண்டும் அல்லவா? மதில் தெரிகிறது. மதிலுக்கு அப்பால் ராஜாஜி சாலையின் இரைச்சல், ரயில் பாதை, துறைமுகத்தின் சுவர், கன்டெய்னர்கள், கிரேன்கள். கடல் எங்கோ அவற்றுக்குப் பின்னால். ஸ்மித் தூணைக் கட்டிய நாளில் இன்றைய ராஜாஜி சாலை அலைக்கு முன்னால் இருந்த முதல் வரிசை. தூண் நின்ற இடம் எஸ்பிளனேடு எனப்பட்ட வெட்டவெளி. அந்த வெட்டவெளிக்கும் ஒரு கதை உண்டு. பழைய கறுப்பர் நகரம் இங்கேதான் இருந்தது. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இங்கேதான் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் பட்ட பாட்டுக்குப் பிறகு, கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு தடையில்லாமல் போக வேண்டும் என்று எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பீரங்கிக்காகக் காலி செய்த வெளி பிறகு விளக்குக்குப் பயன்பட்டது.

இதற்கு முந்தைய விளக்கு கோட்டைக்குள் இருந்தது. இன்று கோட்டை அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடம் அப்போது வணிகர்கள் கூடும் எக்ஸ்சேஞ்ச். அதன் மொட்டைமாடியில் 1796-ல் தேங்காயெண்ணெயில் எரியும் திரி விளக்குகளை ஒரு கண்ணாடிக் கூண்டில் வைத்தார்கள். கடல் மட்டத்திலிருந்து 99 அடி. 25 மைல் வரை தெரிந்தது என்று எல்லாப் புத்தகமும் எழுதுகிறது. அந்த 25 மைல் யாருக்கு என்று யோசித்தால் ஒரு வேடிக்கை புரியும். பூமி உருண்டை. எவ்வளவு பிரகாசமான விளக்கானாலும் தொடுவானத்துக்குக் கீழே போய்விட்டால் தெரியாது. உயரத்தை அடியில் எடுத்து அதன் வர்க்கமூலத்தோடு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் எத்தனை மைல் வரை தெரியும் என்று கிடைக்கும். 99 அடிக்குச் சுமார் 13 மைல். இதே உயரத்தில், பாய்மரக் கப்பலின் உச்சியில் ஏறி நிற்கும் மாலுமிக்கு அவன் பங்குக்கு இன்னொரு 13. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த 25. கட்டுமரத்தில் உட்கார்ந்திருக்கும் மீனவனுக்கு அதே விளக்கு 15 மைலோடு சரி.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 99 அடியிலிருந்து 125 அடிக்குப் போனால் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றரை மைல். தூரத்தை இரண்டு மடங்காக்க உயரம் நான்கு மடங்காக வேண்டும். ஆகவே தூரத்துக்காக மட்டும் விளக்கை இடம் மாற்றியிருக்க மாட்டார்கள். ஊர் வளர்ந்தது, கட்டடங்களும் மரங்களும் விளக்கை மறைத்தன என்பதுதான் பாதிக் காரணமாவது இருக்கும். மூன்றாவது விளக்கின் கதையில் இது பளிச்சென்று தெரிகிறது. ஸ்மித்தின் தூணுக்குப் பக்கத்திலேயே 1888-ல் உயர் நீதிமன்றம் எழும்பத் தொடங்கியது. பிராசிங்டன் வரைந்தது, ஹென்றி இர்வின் முடித்தது, 1892-ல் திறப்பு. செங்கல் சிவப்பில் குவிமாடங்கள், அதில் ஒன்று சுமார் 175 அடி. 125 அடித் தூணுக்கு அருகிலேயே 175 அடிக் கோபுரம் நின்றால் தூணுக்கு என்ன வேலை? 1894 ஜூன் 1-ஆம் தேதி விளக்கு அந்தக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது. நீதிமன்றமே கலங்கரை விளக்கமாக இருந்த கட்டடம் உலகத்தில் வேறு எத்தனை இருக்குமோ. கீழே வாய்தா, மேலே வெளிச்சம்.

இந்த மூன்றாவது விளக்கு ஒருமுறை எதிரிக்கும் உதவியிருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு வந்தபோது, போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஆனால் ஊர் விளக்கை அணைக்கவில்லை. கலங்கரை விளக்கமும் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. எம்டன்காரர்கள் அதைப் பார்த்தே இடத்தைக் கணித்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். நீதிமன்ற மதிலில் எம்டனின் குண்டு ஒன்று விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. நண்பர் காட்டினார். பக்கத்தில் இளநீர் வண்டி.

வெளியே வந்து வடக்கே திரும்பினோம். இவ்வளவு நேரம் பார்த்த விளக்குகள் எல்லாம் துறைமுகம் இல்லாத ஊருக்காக வைத்தவை என்பதை மறந்துவிடக் கூடாது. சோழமண்டலக் கரை நேர்கோடு. கப்பல் ஒதுங்க ஒரு வளைவு கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து எட்டி நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த, ஆணியே இல்லாத மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய் ஆட்களையும் சரக்கையும் இறக்கிவரும். அலை மிரட்டும் நாளில் கட்டுமரக்காரர்கள் பனையோலைத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு போவார்கள். 1796-இன் விளக்கு கப்பலிடம் "உள்ளே வா" என்று சொல்லவில்லை. "சென்னை வந்துவிட்டது, இங்கேயே நில்" என்றுதான் சொன்னது.

துறைமுகம் கட்டத் தொடங்கியது 1875-க்குப் பிறகு. அந்த ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டி, நடுவில் கிழக்கு பார்த்து வாசல் வைத்தார்கள். 1881 நவம்பர் புயல் அதைச் சின்னாபின்னமாக்கியது. திரும்பக் கட்டினார்கள். வாசல் தூர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாசலை அடைத்து வடகிழக்கில் புதிய வாசல் திறந்தார். தூர்ந்ததற்கு யாரும் காரணமில்லை, கடலின் குணம் அது. ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து அலை சாய்வாக வந்து கரையை அடிக்கிறது. அடிக்கும்போதெல்லாம் மணலைக் கொஞ்சம் வடக்கே நகர்த்துகிறது. வாடைக் காலத்தில் சில மாதம் திசை மாறினாலும், வரவு செலவு பார்த்தால் ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் இந்தக் கரையில் தெற்கிலிருந்து வடக்கே நடந்து போகிறது. மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து வருவதை வண்ணி என்பார்கள். அவர்களுக்கு இது புத்தகம் இல்லாமலே தெரியும்.

நடந்து போகிறவனின் வழியில் சுவர் வைத்தால் அவன் சுவருக்கு இந்தப் பக்கம் தங்கிவிடுவான். துறைமுகத்தின் தெற்குக் கை அப்படித்தான் மணலை நிறுத்தியது. கோட்டைக்குக் கிழக்கே கரை வளர்ந்தது, மெரினா அகன்றது. இன்று நாம் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு அலையைத் தொட நெடுநேரம் நடக்கிறோமே, அந்த மணலில் பெரும்பகுதி துறைமுகம் பிடித்துக் கொடுத்தது. நான்காவது கலங்கரை விளக்கம் 1977 ஜனவரி 10-ஆம் தேதி அந்த மெரினாவில்தான் எரியத் தொடங்கியது. முக்கோண வடிவம், 11 மாடி, கடல் மட்டத்திலிருந்து 57 மீட்டர் உயரத்தில் விளக்கு, மேலே போக லிப்ட். 10 விநாடிக்கு இரண்டு மின்னல். ஒவ்வொரு விளக்குக்கும் இப்படி ஒரு தாளம் உண்டு. கடிகாரத்தோடு எண்ணிப் பார்த்தால் இது எந்த ஊர் என்று இருட்டிலும் சொல்லிவிடலாம்.

விளக்கு தெற்கே போயிற்று. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. வராத மணலுக்குப் பதிலாகக் கடல் வந்தது.

ராயபுரத்தில் அதைப் பார்க்கலாம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன் இன்னும் அங்கே நிற்கிறது. அதைத் தாண்டி காசிமேடு. மீன்பிடித் துறைமுகத்துக்கு வடக்கே எண்ணூர் விரைவுச் சாலையில் ஏறினால் வலது பக்கம் கடற்கரை என்று ஒன்று கிடையாது. பாறைதான். ஆள் உயரக் கருங்கற்கள், மைல் கணக்கில். அதற்கு இடதுபுறம் சாலை, கன்டெய்னர் லாரிகளின் வரிசை, அதற்கும் இடதுபுறம் வீடுகள். இடையிடையே கடலுக்குள் கல்லால் கட்டிய நீட்டங்கள், தூண்டில் வளைவு என்பார்கள். ஐஐடியின் கடல் பொறியியல் துறை திட்டம் போட்டுக் கொடுத்தது. இரண்டு வளைவுக்கு நடுவே மணல் கொஞ்சம் தங்குகிறது. அங்கே பைபர் படகுகளை ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கீற்று மணலிலும் ஒரு குப்பம் மூச்சு விடுகிறது.

காசிமேட்டில் ஏலம் முடிந்து ஐஸ் பெட்டிகளைக் கழுவும் நேரத்துக்குப் போயிருந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். ஒரு காலத்தில் விசைப்படகை ஓட்டும் ஸ்ராங்காக இருந்தவர், அதற்கும் முன்னால் கட்டுமரம். ஐகோர்ட் லைட்டைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"அத்தப் பாத்துதான் தம்பி கரைக்கு வருவோம். எங்கப்பா சொல்லுவாரு, லைட்டு வந்து பிராட்வே பக்கம் எந்தக் கோபுரத்துக்கு நேரா நிக்குதுன்னு பாத்தா நாம எங்க கீறோம்னு தெரிஞ்சுடும். கரையில ரெண்டு அடையாளம், தண்ணியில ஒரு ஓட்டம், அவ்ளோதான்."

"இப்ப?"

"இப்ப இன்னா, ஜிபிஎஸ்ல பாயிண்ட் போட்டு வச்சிக்கினா தானா கொண்டாந்து விட்டுடும். லைட்டு எரியுதான்னுகூட எவனும் பாக்கறதில்ல." கொஞ்ச நேரம் கழித்து அவரே சேர்த்துக்கொண்டார்: "பேட்டரி பூட்டா பாப்பான்."

துறைமுக வாசலின் சிவப்பு, பச்சை விளக்குகளைப் பற்றியும் சொன்னார். உள்ளே வரும்போது சிவப்பு இடக்கைப் பக்கம், பச்சை வலக்கைப் பக்கம். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இதே விதி, அமெரிக்காவில் தலைகீழ். இதை அவர் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து ஜூன் 14 நள்ளிரவு எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பும்போது இது தெரியாதவன் அடுத்தவன் படகில் மோதுவான் என்றார்.

அவர் பிறந்த வீடு எங்கே என்று கேட்டேன். கையைத் தூக்கிக் கடலைக் காட்டினார். பாறைக்கு அப்பால், அலை உடையும் இடத்துக்கும் அப்பால்.

திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி விரைவுச் சாலையை ஒட்டியே இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வணிகம் செய்து, எல்லாவற்றையும் உதறிவிட்டு இங்கே வந்து அடங்கியவர். எதிரே சாலை, சாலைக்கு எதிரே பாறை, பாறைக்கு எதிரே கடல். நான் உள்ளே போனபோது ஒரு அம்மா விளக்கு போட்டுவிட்டு, வெளியில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்ததைச் சபித்துக்கொண்டிருந்தார். அவர் சபித்தது நியாயம்தான்.

எர்ணாவூர் கரையில் வண்டியை நிறுத்தினோம். 2017 ஜனவரி 28 விடியற்காலையில், எண்ணூருக்கு வடக்கே உள்ள காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுக் கப்பல், மற்றது எண்ணெய்க் கப்பல். உடைந்து கொட்டிய எண்ணெய் கரைக்கு வந்து ஒதுங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. பாறை இடுக்கில் தார் மாதிரி தேங்கிய அதை இளைஞர்களும் மீனவர்களும் பிளாஸ்டிக் வாளிகளில் மொண்டு ஊற்றிய காட்சியை டிவியில் பார்த்திருப்பீர்கள். ரேடார், செயற்கைக்கோள், வானொலி எல்லாம் இருந்த இரண்டு கப்பல்கள், புயலும் இல்லாத ஒரு இரவில். அன்றைக்கு விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தன.

எண்ணூரை வேகமாகக் கடந்துவிடுகிறேன். கொசஸ்தலையாற்றின் கழிமுகம், மூடிக்கிடக்கும் பழைய அனல்மின் நிலையம், சாம்பல் படிந்த உப்பங்கழி, நெட்டுக்குப்பத்து மீனவர்களின் வழக்குகள் எல்லாவற்றையும் பற்றி நிறைய எழுதியாயிற்று. இங்கே எனக்கு வேண்டியது ஒன்றுதான். 2001-ல் எண்ணூருக்கு வடக்கே இன்னொரு துறைமுகம் வந்தது. அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்காகக் கட்டியது. இப்போது காமராஜர் துறைமுகம். அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கட்டி, 2018-ல் அதானி குழுமத்தின் கைக்குப் போன இன்னொன்று. இரண்டுக்கும் கடலுக்குள் நீட்டிய கைகள் உண்டு. தெற்கே மணல் சேர்கிறது. வடக்கே?

வடக்கே போய்ப் பார்ப்பதற்காகத்தான் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போனோம். டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர். ஆங்கிலேயருக்குச் சென்னை என்று ஒரு ஊர் தோன்றுவதற்கு கால் நூற்றாண்டுக்கு முன்பே இங்கிருந்து துணி ஏற்றுமதி நடந்தது. கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏரியில் நீர் குறைந்திருந்தது. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் நகர்ந்தபடி கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போடும் பறியை வாயில் கவ்வியபடி. பாலத்தைத் தாண்டினால் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் நாக்கு. அதன் மேல் லைட் ஹவுஸ் குப்பம். ஊர் அந்த விளக்கின் பெயரிலேயே அழைக்கப்படுகிறது.

1859-ல் இங்கே முதலில் விளக்கேற்றினார்கள். சென்னை விளக்கின் வேலை வேறு, இதன் வேலை வேறு. பழவேற்காட்டுக்கு எதிரே கடலுக்கடியில் மணல் திட்டுகள் நீண்டு கிடக்கின்றன. வங்காளத்திலிருந்து சென்னைக்கு இறங்கி வரும் கப்பல் கரையை ஒட்டி வந்தால் அதில் ஏறிவிடும். ஆகவே இந்த விளக்கு கப்பலை வரவேற்கவே இல்லை. விலகிப் போ என்று ஒதுக்கியது. ஊரும் துறைமுகமும் கூட்டமும் இருக்கும் இடத்துக்கு விளக்கு வைப்பது வசதி. யாரும் வரக்கூடாத இடத்துக்கு விளக்கு வைத்து, அதை எரிய விடுவதற்கு ஆட்களைக் குடியமர்த்துவது தனியான வேலை. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஏரியும் இருக்க, பாலம் இல்லாத காலத்தில் எண்ணெயும் அரிசியும் படகில்தான் வந்திருக்க வேண்டும்.

நான் போனது மேலே ஏறிப் பார்க்கும் நேரம் இல்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. இந்தியாவின் கலங்கரை விளக்கங்கள் எல்லாம் இப்போது ஒரே இயக்குநரகத்தின் கீழ் இருக்கின்றன. 1927-இன் கலங்கரை விளக்கச் சட்டம் போய், 2021-ல் கடல்வழி உதவிகளுக்கான புதுச் சட்டம் வந்துவிட்டது. இந்த ஏற்பாட்டின் செலவுக்குத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். மண்ணெண்ணெய் ஊற்றி, திரி கத்தரித்து, கண்ணாடி துடைத்து இரவெல்லாம் விழித்திருந்த காலம் முடிந்தது. பல்பு தானாக எரிகிறது. ஒன்று போனால் அடுத்தது தானாக வருகிறது. ஆனால் பல்பைச் சுற்றி இருக்கும் கண்ணாடியின் தத்துவம் மட்டும் 1820-களில் பிரெனெல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி வகுத்ததுதான். தடித்த ஒரே லென்ஸுக்குப் பதிலாக வளையம் வளையமாக வெட்டிய பட்டகங்கள். மேலும் கீழும் சிதறிப்போகும் வெளிச்சத்தை எல்லாம் மடக்கி, தொடுவானத்தை நோக்கி ஒரே கற்றையாக அனுப்பும். சின்ன பல்பு பெரிய விளக்காவது இப்படித்தான்.

இருட்டியது. விளக்கு சுழலத் தொடங்கியதைப் பார்க்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். அதற்கு முன்னால் தெற்கு வானம் விழித்துவிட்டது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் உயர்கம்ப விளக்குகள், கிரேன்களின் விளக்குகள், அதற்கும் பின்னால் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கி விளக்குகள். மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு திருவிழா. கடலில் இருந்து பார்ப்பவனுக்கு இந்தக் கூட்டத்தில் கலங்கரை விளக்கத்தைப் பொறுக்கி எடுப்பது லேசான காரியம் இல்லை. கரை விளக்குகளின் பின்னணி வெளிச்சம் வழிகாட்டி விளக்கை விழுங்கிவிடுவது உலகம் முழுக்கக் கடல்வழித் துறையினர் புகார் சொல்லும் விஷயம். குப்பத்தில் ஒரு இளைஞர் அதை வேறு விதமாகச் சொன்னார்: "போர்ட் லைட்டு எதுக்க வந்தா வீட்டத் தாண்டிட்டோம்னு அர்த்தம்ணா. திரும்பி வடக்க வரணும்."

அவர் படகு கரையில் சாய்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் கரை படியாக வெட்டுப்பட்டிருந்தது. முட்டியளவு மணல் சுவர், அதில் ஒரு சவுக்கு மரத்தின் வேர் முழுதாக வெளியே தொங்கியது. போன மழைக்கு முன்பு இதே இடத்தில் கபடி ஆடியதாகச் சொன்னார். அவருடைய அம்மா கருவாட்டைக் கூடையில் அள்ளியபடியே பேச்சில் புகுந்தார். "கடல் உள்ள வந்துக்கிட்டே இருக்குப்பா. தெக்க கல்லு போட்டாங்க இல்ல, அதான்." கடல் பொறியாளர்கள் படம் போட்டுக் காட்டுவதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை இன்னும் பெரிதாக்கும் திட்டம் சில ஆண்டுகளாக மேசையில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்புக்கு நடுவே தள்ளிவைக்கப்பட்டது. மீனவர்களின் பயம் ஒன்றுதான். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள இந்த மணல் நாக்கு எங்காவது ஓரிடத்தில் அறுந்தால், கடல் நேராகப் பழவேற்காடு ஏரிக்குள் நுழைந்துவிடும். ஏரிதான் இந்தப் பக்கத்துக் குப்பங்களுக்குச் சோறு. வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று அவர்களைச் சொல்வது எளிது. ராயபுரத்துப் பாறைகளின் மேல் ஒருமுறை நடந்து பார்த்தவர்களால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது.

"அங்க ராயபுரத்துல தூண்டில் வளைவு போட்டாங்களே, மணல் தங்குச்சாமே. இங்கயும் போடுவாங்களாண்ணா?" என்று இளைஞர் கேட்டார்.

போடலாம். போட்டால் அந்த வளைவுக்குத் தெற்கே கொஞ்சம் மணல் தங்கும் என்றேன். வடக்கே என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை, அவருக்குத் தெரியும். லைட் ஹவுஸ் குப்பத்துக்கு வடக்கே முகத்துவாரம் இருக்கிறது. அதற்கு வடக்கே சில குப்பங்கள். அப்புறம் ஸ்ரீஹரிகோட்டா, வேறு மாநிலம்.